பேடு மாற்றியும் தீராத பிரேக் தொல்லை: சிறிய காரில் எங்கிருந்து தேடுவது?

புதுப் பேடு போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, மறுபடியும் அதே கீச்சுச் சத்தம். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கியதும் நன்றாக இருந்தது, இப்போது வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் மீண்டும் உதறுகிறது. சிறிய கார் வைத்திருக்கும் பலர் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தேய்ந்ததை மாற்றுகிறார்கள், அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பேடும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பது) லைனரும் (டிரம் பிரேக்கின் ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவை சீக்கிரமே தேய்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தாலோ, கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

காரின் உள்ளமைப்பு அதிகம் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லா வேலையையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் அறிகுறியைச் சரியாகக் கவனித்து, மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில்: எப்போது வண்டியை எடுக்கவே கூடாது

பெடல் தரைவரை இறங்குகிறது, பிரேக் ஆயில் வேகமாகக் குறைகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, இரும்போடு இரும்பு உராயும் சத்தம் கேட்கிறது. இதில் எது இருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், மெக்கானிக் அங்கே வரட்டும். "மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்ற நினைப்பு வேண்டாம்.

ஓடும்போதே பெடல் காலியாகிவிட்டால் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கியரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே அணைக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

உங்கள் காரில் என்ன இருக்கிறது

பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகள்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. நீங்கள் பெடலை மிதித்தால் பூஸ்டர் அந்த அழுத்தத்தைப் பெருக்குகிறது, மாஸ்டர் சிலிண்டர் அதைப் பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. முன்னால் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உள்ள பிஸ்டன் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. பின்னால் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளி டிரம்மில் ஒட்ட வைக்கிறது.

முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் ஆயில் பாதை குறுக்காக இரண்டாகப் பிரிந்திருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒரு பாதை, முன் வலதும் பின் இடதும் இன்னொன்று. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அறிகுறியை எழுதி வையுங்கள்

"பிரேக் சரியில்லை" என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் பேடைத்தான் மாற்றுவார். எப்போது வருகிறது (காலையில் முதல் முறையா, வண்டி சூடான பிறகா), எந்த வேகத்தில், பெடலில் தெரிகிறதா ஸ்டியரிங்கிலா சீட்டிலா, பிரேக் பிடிக்காதபோதும் இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கூடவே, கடைசியாக எந்தப் பாகம் எந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்பதும் வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கோளாறில் இந்தக் குறிப்புதான் வழி காட்டும். மழைக்குப் பிறகோ இரவு முழுக்க நின்ற பிறகோ முதல் சில பிரேக்கில் மட்டும் வரும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. அதை விட்டுவிடலாம்.

சக்கரத்தைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதியுங்கள்; கட்டியாகும். காலை அதிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினைப் போடுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல் மாதிரி நின்றால் பூஸ்டரையும் அதற்கு வெற்றிடம் கொண்டுவரும் குழாயையும், அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் ஒரு விரிசல் இருந்தாலே போதும், பெடல் கனத்துவிடும்.

அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் பெடலை அரை நிமிடம் பிடித்திருங்கள். அது நகராமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே நழுவினால் எங்கோ கசிவு. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே கடந்து போகிறது. பேடு மாற்றி இது தீரவே தீராது.

பெடல் மெத்தென்று இருந்தால் பாதையில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதியில் உயர்ந்து நின்றால் பெரும்பாலும் பின் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகமாகிவிட்டது. நெளிவான சாலையில் திரும்பிய பிறகு மட்டும் முதல் மிதி ஆழமாகப் போகிறதென்றால் சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். பேரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடி, பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும்.

பழைய பேடைத் தூக்கிப் போடவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நான்கு முன் பேடுகளையும் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று குறித்து வாங்கி, வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏன் திரும்ப வருகிறது என்பது அதிலேயே தெரியும்.

புதுப் பேடின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 மி.மீ. அளவில் இருக்கும். இரும்புத் தகட்டைக் கணக்கில் எடுக்காமல் உராய்வுப் பகுதி மட்டும் 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவது நல்லது. பல பேடுகளில் ஒரு சிறு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேடு தேய்ந்து முடியப்போகும்போது அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தம் எச்சரிக்கைக்காகவே வைத்தது.

நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது. சீக்கிரம் தேய்கிறது என்றால் ஓட்டும் முறை, போக்குவரத்து, பேடின் தரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே சக்கரத்தில் உள்பேடு காகிதமாகி வெளிப்பேடு பாதி மிச்சமிருந்தால் காலிப்பர் தன் ஸ்லைடு பின்களில் (அது சறுக்கி நகரும் தண்டுகள்) நகரவில்லை, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. சிறிய கார்களில் காலிப்பரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன். அது உள்பேடை நேராகத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பரே பின்களில் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து வரும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் உள்பேடே எல்லா வேலையையும் செய்ய வேண்டியதாகிறது. வெளிப்பேடு அதிகம் தேய்ந்திருந்தால் பிடித்த இடத்திலேயே ஸ்லைடு பின் சிக்கிக்கொண்டு காலிப்பர் திரும்பாமல் இருக்கிறது. பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேடு உட்காரும் பள்ளத்தில் துரு ஏறிப் பேடு நகராமல் இருக்கலாம்.

இத்தனையும் வெறும் சுத்தம் செய்தலும் கிரீஸும் சம்பந்தப்பட்டவை. பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவ வேண்டும். கைவசம் இருக்கிறதென்று சாதாரண பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிவிடும், சில மாதங்களில் ஸ்லைடு பின் முன்பைவிட மோசமாக இறுகும். "போன தடவைதான் சர்வீஸ் பண்ணினோமே, மறுபடியும் ஜாம் ஆகுதே" என்று கேட்பவர்கள் எந்தக் கிரீஸ் போடப்பட்டது என்று விசாரித்துப் பாருங்கள்.

சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால்

மைலேஜ் குறைகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரத்திலிருந்து கருகிய வாடை வருகிறது. பிரேக் விடுபடவில்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி, வேகம் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. முன் இடதையும் முன் வலதையும் ஒப்பிடுங்கள், பின்னால் அதேபோல. ஒன்று மட்டும் தெளிவாக அதிகச் சூடாக இருந்தால் அதுதான் ஆள்.

பிறகு சமதளத்தில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கியில் வண்டியை உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அருகில் உட்கார வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இயல்பு. கை வலிக்கச் சுற்ற வேண்டியிருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை (ஆயில் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகு) சற்றே தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் வரும். துணியும் சிறு குழாயும் தயாராக இருக்கட்டும்.
2. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் காலிப்பரிலேயே இறுக்கம்: பிஸ்டனில் துரு, அல்லது ஸ்லைடு பின்.
3. திறந்த உடனே சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. காலிப்பருக்கு வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது மாதிரியே இருக்கும்.
4. ஒரு சக்கரம் மட்டுமல்ல, எல்லாமே சூடான பிறகு இறுகி, ஆறியதும் விடுபட்டால் சக்கரத்தை விட்டுவிட்டுப் பெடல், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். பெடல் முழுதாக மேலே வரவில்லை, அல்லது பூஸ்டரின் தள்ளுதண்டு நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் போகிறது.

மூன்றாவது காரணத்தைத் தேடாமல் காலிப்பரையே மாற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. புதுக் காலிப்பரும் அதே ஹோஸில்தானே மாட்டப்படுகிறது, அதுவும் இறுகும்.

நான்காவதில் சொன்ன இறுக்கம் மாஸ்டர் சிலிண்டரோ பூஸ்டரோ பிரேக் விளக்கு சுவிட்சோ மாற்றிய பிறகு தொடங்கியது என்றால் சந்தேகமே வேண்டாம், அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

ஸ்டியரிங் உதறல்: டிஸ்க் "வளைந்ததா"?

உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் பொதுவாக முன் டிஸ்க், சீட்டில் தெரிந்தால் பின் டிரம். வழுக்கும் சாலையில் அழுத்திப் பிடித்தால் பெடல் படபடப்பது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வதால். அது கோளாறல்ல, காலை எடுத்துவிடாதீர்கள்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மி.மீ. மாற்றமே காலில் தெரியும். ஒரு தலைமுடியின் தடிமன்கூடப் பொதுவாக இதைவிட அதிகம். இந்த மாற்றம் வரும் வழி கவனிக்க வேண்டியது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) முகத்தில் துருவோ பழைய அழுக்கோ இருந்தால் டிஸ்க் துளியளவு சாய்ந்து உட்காரும். புதிதாகப் போட்ட அன்று எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், பிரேக் பிடிக்காதபோதும், டிஸ்க்கின் அதே இடம் பேடை உரசிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் மெலிந்து உதறல் தொடங்கும். டிஸ்க்கைக் கடைந்தால் தடிமன் சமமாகும், உதறல் நிற்கும். ஹப்பில் துரு அப்படியே இருப்பதால் கதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடையக் கடைய டிஸ்க் மெலிவதால் சூடு தாங்கும் திறனும் குறைகிறது.

அதனால் டிஸ்க்கில் கைவைக்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகம் உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்யப்பட வேண்டும். டிஸ்க்கை மாட்டி நட் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டினாலே பல நேரம் குறைந்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் கடையக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சக்கர நட்டை இறுக்குவதும் இதில் சேர்த்தி. காற்று கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறுகி டிஸ்க்கை ஒரு பக்கமாக இழுத்துவிடும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, இரண்டு தவணையில், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு இது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். பஞ்சர் ஒட்டிய சில வாரங்களில் உதறல் வந்தது என்று உங்கள் குறிப்பில் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

பின்னால் இருக்கும் டிரம்

கண்ணில் படாததால் மறக்கப்படுவது. ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் ஒரு அட்ஜஸ்டர் உள்ளே இருக்கிறது. அது துருப்பிடித்து நின்றுவிட்டால் பெடல் ஆழமாகும், ஹேண்ட் பிரேக் மேலே மேலே ஏறும். அப்போது கேபிளை மட்டும் இழுத்து வைப்பது தவறான வைத்தியம். முதலில் அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து ஷூ இடைவெளியைச் சரிசெய்து, கடைசியில்தான் கேபிளுக்குப் போக வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. ஆயில் குடித்த லைனரைத் துடைத்துப் பயனில்லை, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். நுரையீரலுக்குக் கெடுதல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கலாம்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயிலின் தர வகைகளை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155. டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140. நீண்ட மலை இறக்கத்தில் பெடல் திடீரென மெத்தென்று ஆவது ஆயில் கொதித்து ஆவியாவதால்தான். ஆறியதும் பெடல் திரும்ப வந்துவிடுவதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பெடல் கட்டியாகவே இருந்து பிடிப்பு மட்டும் குறைந்தால் அது பேடு சூடாகிப் போனது, ஆயில் காரணமல்ல. இரண்டுக்குமே இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதுதான் தற்காப்பு.

ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான நடைமுறை. தயாரிப்பாளர் சொன்ன கால அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பேடு தேயும்போது ஆயில் டப்பாவில் அளவு மெல்லக் குறைவது இயல்பு. நிரப்பிக்கொண்டே இருந்தால் புதுப் பேடு போடும்போது வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும்.

ஏர் எடுத்தும் எடுத்தும் பெடல் சரியாகவில்லையா? காலிப்பர் மாற்றப்பட்டிருந்தால் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை புட்டி ஆயில் ஊற்றினாலும் வராது. ஏபிஎஸ் உள்ள சில கார்களில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் ஸ்கேனர் இணைத்துத்தான் வெளியேற்ற முடியும். இன்னொன்று: பழைய மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். வழக்கமாகப் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் படிந்த துரு, சீலைக் கீறிவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

வேலை முடிந்த பிறகு

வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கட்டியாகும்வரை மிதியுங்கள். பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிகள் காற்றில் போகும். இதை மறந்து கியரைப் போட்டால் எதிரில் இருப்பதில் முட்டித்தான் நிற்பீர்கள்.

பிறகு காலியான சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு, மிதமான அழுத்தத்தில், இடைவெளி விட்டுப் பத்துமுறை அளவில் வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பேடின் பொருள் டிஸ்க்கில் சமமாகப் படியும். முதல் சில நூறு கிலோமீட்டர் முரட்டுப் பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள். கடும் பிரேக்குக்குப் பிறகு சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடியே நிற்பதும் வேண்டாம், அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் அளவையும் நான்கு சக்கரச் சூட்டையும் மறுபடி பாருங்கள். அடுத்த சர்வீஸில் சக்கரம் கழற்றப்படும்போது முன் பேடுகள் நான்கின் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சக்கரத்தின் உள்பேடுக்கும் வெளிப்பேடுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், புதுப் பேடு வாங்குவதற்கு முன் அந்தச் சக்கரத்தின் ஸ்லைடு பின்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.